வாசலில் வைக்கப்பட்டது

சுடுதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் என் அண்ணி எல்லா நாளும் இருப்பாள். பல் தேய்த்துக்கொண்டே பாலுக்குச் சொல்வாள். தலை வாரிக்கொண்டே காய்கறிக்குச் சொல்வாள். செருப்பை மாட்டும்போது சலவைக்கு ஆளை வரச் சொல்வாள். எல்லாம் போனில்தான், கடைக்காரர் முகத்தைப் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுக்கு 'ஜெட்' என்று பெயர் வைத்தது நான்தான். அண்ணன் கப்பலில் வேலை செய்கிறான், பாதி வருஷம் கடலில் இருப்பான். வீட்டில் நானும் அவளும் மட்டும். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்பார்கள். எங்களுக்கு நன்றாகவே ஆகும். ஆனால் திட்டாமல் அவளைப் பற்றிப் பேச எனக்கு வராது.

அவள் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சின்னச் சூளையில் வேகவைத்து எடுப்பாள். பக்கத்துப் பல்லின் மஞ்சளுக்கும் இந்தப் பல்லின் மஞ்சளுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்வாள். அந்த ஒரு மேஜையில் மட்டும் அவள் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. பூசிக்கொண்டிருக்கும்போது கை எடுத்தால் பொடி காய்ந்து விரிசல் விட்டுவிடும். அதனால் வேலை நேரத்தில் போன் அடித்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

"இந்த ஆப் எல்லாம் இல்லன்னா நான் செத்தேன். எவ்ளோ நேரம் மிச்சம் தெரியுமா?" என்பாள்.

"மிச்சம் பண்ணதையெல்லாம் எந்தப் பானையில போட்டு வெச்சிருக்கீங்க? ஒரு நாள் எடுத்துக் காட்டுங்களேன், கண்ணால பாத்துக்கறேன்" என்பேன் நான்.

மிச்சம் பிடித்த நேரம் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். வராத வெங்காயத்துக்காகப் புகார் எழுதுவதில் கொஞ்சம் போகும். நட்சத்திரம் கொடுப்பதில் கொஞ்சம் போகும். ஒரே சோப்பை மூன்று ஆப்பில் ஒப்பிட்டுப் பார்ப்பதில் கொஞ்சம். மீதியைக் கூடுதலாகச் சில பற்கள் தின்றுவிடும். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. எனக்கு ஒரு முறை காய்ச்சல் கொதித்தபோது நான் முனகி முடிப்பதற்குள் மாத்திரை வாசலுக்கு வந்தது. அன்று நான் பானையைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணியின் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். பஸ் ஓட்டியவர். கிளட்ச் மிதித்து மிதித்தே முட்டி இரண்டும் போய்விட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம், லிப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். அத்தை போன பிறகு எங்களோடு வந்துவிடும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "என் கட்டில்லதான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டார். அதனால் அண்ணி தன் போனிலிருந்தே அவர் வீட்டையும் நடத்தினாள். காலையில் பாலும் ரொட்டியும், மதியம் சாப்பாடு, மாதம் பிறந்தால் மாத்திரை. ராத்திரிக்கு அவரே ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொள்வார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மணி அடித்தால் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து கதவுக்கு வர நேரமாகும். பை கொண்டு வருகிறவர்களுக்கு அவ்வளவு நேரம் நிற்க முடியாது. உடனே அண்ணிக்குப் போன் போடுவார்கள். "மேடம், கதவு திறக்கல." அண்ணியின் தூரிகையில் பொடி காய்ந்து போகும். சில பற்கள் பாழான பிறகு அவள் ஆப்பில் ஒரு குறிப்பு எழுதி வைத்தாள். மணி அடிக்க வேண்டாம், வாசலில் வைத்துவிட்டுப் போகவும்.

அன்றோடு போன் வருவது நின்றது. "பாத்தியா? யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். முன்பெல்லாம் தினமும் அவருக்குப் போன் செய்து பால் வந்ததா, சாப்பாடு சூடாக இருந்ததா என்று கேட்பாள். அதற்கும் இப்போது அவசியம் இல்லை. 'வாசலில் வைக்கப்பட்டது' என்று போனே சொல்லிவிடும், கூடவே ஒரு படமும் வரும். அவள் படத்தைத் திறந்து பார்ப்பதில்லை. அந்த ஒரு வரி வந்தால் போதும், "அப்பா சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமைதான் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை அண்ணிக்கு லீவு. எனக்குக் காலை வகுப்புகள் முடிந்திருந்தன. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அண்ணி ஆப்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாமாவுக்குப் போட்ட காலை ஆர்டரில் முட்டை இல்லை என்று முதலில் செய்தி வந்ததாம், பிறகு எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று வந்ததாம். முட்டை உண்டா இல்லையா என்பதுதான் வழக்கு. "படத்தைப் பார்க்கவும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. யாரோ மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா, தெரியாது.

"பாக்கறேன், பாக்கறேன். பாத்துட்டு உங்களப் பேசிக்கறேன்" என்று அண்ணி முதல்முறையாகப் படத்தைத் திறந்தாள்.

நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இங்க வா. இதுல எத்தன பை இருக்கு?"

போனை வாங்கிப் பார்த்தேன். மாமா வீட்டுப் பச்சைக் கதவு, கால் மிதி, அதன் மேல் மூன்று பைகள். ஒன்றில் பால் பாக்கெட் ஊதிப்போய்த் தெரிந்தது. அண்ணி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி நேற்று மதியப் படத்தைத் திறந்தாள். இரண்டு பை. நேற்றுக் காலைப் படத்தைத் திறந்தாள். ஒரு பை.

நேற்றுக் காலையிலிருந்து அந்தக் கதவு திறக்கவே இல்லை.

அண்ணி அவருக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டாள். எதிர்வீட்டுக்காரர் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல." கீழ்வீடு? "யாரு இருக்காங்கன்னே தெரியாது" என்றாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் கட்டைவிரல் மட்டும் ஓடியது. எட்டிப் பார்த்தேன். ஆப்பைத் திறந்து ஒரு தீப்பெட்டி ஆர்டர் செய்துகொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இந்த நேரத்துல தீப்பெட்டி யாருக்கு?"

"கத்தாத. நாம போய்ச் சேர்றதுக்குள்ள பை கொண்டு வர்றவங்க அங்க போயிடுவாங்க. யாராச்சும் ஒரு ஆள் போய் அந்தக் கதவத் தட்டணும்" என்றாள். பழைய குறிப்பை அழித்தாள். மணி அடிக்கவும், கதவைத் தட்டவும், கத்திக் கூப்பிடவும் என்று எழுதினாள். இதோடு மெழுகுவத்தியும் வாங்கலாமே என்று ஆப் அன்பாக விசாரித்தது.

அடுத்து வாடகைக் காருக்குப் போட்டாள். வரைபடத்தில் ஒரு குட்டிக் கார் எங்கள் தெருவை நோக்கித் திரும்பியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கார் நின்றது. பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, ரத்து என்று வந்தது. அண்ணி மறுபடி போட்டாள். இன்னொரு குட்டிக் கார் வந்தது. அதுவும் முனையிலேயே யோசித்துக்கொண்டு நின்றது. நானும் வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பயிற்சிக் கார் கீழே நிற்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதற்கு எங்களைத்தான் உதாரணம் காட்ட வேண்டும்.

"அண்ணி, மாமா வீட்டுச் சாவிய எடுங்க. கீழ வண்டி நிக்குது" என்று கத்தினேன். இருவரும் ஓடினோம்.

பயிற்சிக் காரைப் பார்த்திருப்பீர்கள். முன்னாலும் பின்னாலும் 'பழகுநர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற ஆசிரியர் காலடியில் இன்னொரு பிரேக். அன்று நான் ஓட்டினேன், அண்ணி ஆசிரியர் இடத்தில் உட்கார்ந்தாள். தெருமுனை திரும்புவதற்குள் வண்டி குலுங்கி நின்றது. பயத்தில் அவள் காலை அழுத்தியிருக்கிறாள்.

"காலை எடுங்க அண்ணி!"

"தெரியாம பட்டுடுச்சு. போ, போ."

பழகுநர் வண்டிக்கு எவன் வழி விடுவான்? பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்து, முறைத்து, முந்திக்கொண்டு போனான். 'பதறாத காரியம் சிதறாது' என்று தினமும் காலையில் ஊருக்கு உபதேசம் செய்கிறவள் நான். அன்று மஞ்சள் விளக்கில் பாய்ந்தேன், ஒரு வேனை உரசாமல் தப்பினேன். பாலத்தில் ஏறும்போது அண்ணியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணின் குரல், மூன்று மாடி ஏறிய மூச்சோடு வந்தது.

"மேடம், தீப்பெட்டி ஆர்டர் நீங்கதானே? மணி அடிச்சேன், தட்டுனேன். திறக்கல. வாசல்ல ஏற்கெனவே மூணு பை கிடக்கு."

"உள்ள எங்கப்பா இருக்காரு. சத்தமா கூப்பிட்டுப் பாருங்க."

"ஐயா! ஐயா!" என்று அந்தம்மா கூப்பிடுவது கேட்டது. பிறகு, "ஒண்ணும் காணோம் மேடம். வண்டியில இன்னும் ரெண்டு ஆர்டர் இருக்கு. வெச்சிட்டுக் கிளம்பட்டுமா?"

"போகாதீங்க!" என்று அண்ணி அலறினாள். "கதவுல காத வெச்சுக் கேளுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

அந்தம்மாவின் போனில் ஏதோ எச்சரிக்கை மணி விட்டுவிட்டு அடித்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று அவளை அது விரட்டுகிறது. எனக்கு முன்னால் ஒரு லாரி நகரவே இல்லை.

"இருங்க மேடம். ஏதோ தட்டுற சத்தம். பிளாஸ்டிக் மாதிரி... பக்கெட்டு. ஐயா, நீங்கதானா? இன்னொரு தடவ தட்டுங்க!" சற்று நேரம் கழித்து அந்தக் குரல் மாறியது. "தட்டுறாரு அக்கா. இருக்காரு."

அண்ணியின் கால் பிரேக்கில் விழுந்தது. பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள். நான் அவள் முழங்காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

"சாவி இருக்காக்கா?"

"இருக்கு. வந்துட்டே இருக்கோம். உங்க ஆர்டர் எல்லாம்..."

"அது கிடக்கு. திட்டுனா வாங்கிக்கறேன். நீங்க பாத்து வாங்க, நான் அவரோட பேசிட்டு இருக்கேன்."

போனை அந்தம்மா கதவிடுக்கில் வைத்தாள் போலிருக்கிறது. "அப்பா!" என்று அண்ணி கத்தினாள். பதிலாக வாளி சத்தம் மட்டும் வந்தது. கடைசி வரைக்கும் அண்ணி அப்பா, அப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதே நேரம் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருத்தி, ஐஸ்கிரீம் இன்னும் வரவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருப்பாள். வேறு நாளாக இருந்தால் என் அண்ணியே கொடுத்திருப்பாள்.

நாங்கள் ஓடி ஏறியபோது அந்தம்மா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "இதோ பொண்ணு வந்துட்டாங்கய்யா, படியில வர்றாங்க" என்று கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி சாவியை நீட்டினாள். நான் வாங்கித் திறந்தேன்.

வாசலை ஒட்டினாற்போல்தான் குளியலறை. மாமா ஈரத் தரையில் ஒரு பக்கமாகக் கிடந்தார், ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. கைக்கு எட்டிய வாளியிலிருந்து தண்ணீரை அள்ளிக் குடித்துத்தான் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறார். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அண்ணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், நான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன், அந்தம்மா கட்டிலிலிருந்து போர்வையை எடுத்து வந்து அவருக்குப் போர்த்தினாள். ஸ்ட்ரெச்சர் மேலே வரும்வரை அவள் போகவில்லை. அவள் பெயரைக் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. இன்னொரு நாள் தள்ளியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று புரியவே இல்லை. ஆப் இல்லாவிட்டால் எங்களுக்கு முன்னால் ஒரு ஆள் அந்தக் கதவுக்குப் போயிருக்க முடியாது. ஆப் இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை காலையிலேயே அண்ணி "பால் வந்துச்சாப்பா?" என்று கேட்டிருப்பாள், போனை எடுக்கவில்லை என்றதும் ஓடியிருப்பாள். இரண்டும் உண்மை. எந்தப் பக்கம் பேசுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் மாமாவுக்குப் பேச்சு நன்றாக வந்தது. என்னைப் பார்த்து, "என்ன வாத்தியாரம்மா, பழகுநர் வண்டியில ரேஸ் விட்டீங்களாமே" என்றார். பழைய டிரைவர், அதைத்தான் முதலில் விசாரித்தார். பிறகு அண்ணியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, புகார் கிகார் எதுவும் குடுத்துடாத."

"யார் மேலப்பா?"

"பை கொண்டு வர்றவங்க மேலதான். உனக்குக் கோபம் வந்தா எழுதிடுவ, தெரியும். வெள்ளிக்கிழம காலைல ஒருத்தரு வந்தாரு. பை வைக்கிற சத்தம் கேட்டுச்சு. மூச்சப் பிடிச்சு நான் கூப்பிடறதுக்குள்ள இறங்கிப் போயிட்டாரு. மதியானம் தயாராத்தான் இருந்தேன். காலடி கேட்டதும் கத்துனேன். அவரு பாட்டுப் பாடிக்கிட்டே வந்து, பாடிக்கிட்டே போயிட்டாரு. காதுல என்னத்தையோ மாட்டியிருப்பாரு. மறுநாள் காலைல வந்தப்ப எனக்குக் குரலே எழும்பல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மணிய மட்டும் அடிச்சிருந்தா, திறக்கலையேன்னு ரெண்டு நிமிஷம் நின்னிருப்பாங்க. அதுக்குக்கூட நேரமில்ல, பாவம். அவங்கள ஒண்ணும் சொல்லாத."

அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மணி அடிக்க வேணாம்னு எழுதி வெச்சதே நான்தாம்பா."

அவருக்குப் புரியவில்லை. "நீ எதுக்கும்மா?"

"உங்களுக்கு முட்டி வலி... எழுந்து வர்றது சிரமமா இருக்குமேன்னு..."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், நெஞ்சு குளிர்ந்திருப்பார். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் நிறுத்தவில்லை.

"இல்லப்பா. நீங்க திறக்க லேட்டானா அவங்க எனக்கு போன் பண்ணாங்க. என் வேலை கெட்டுச்சு. அதனாலதான்."

மாமா அவள் முகத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கையை எடுத்து அவள் கை மேல் வைத்தார்.

"சரி, விடு" என்றார். "திங்கக்கிழமயாச்சே பாப்பா. உனக்கு வேலைக்கு நேரமாகல?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமான கவலையோடுதான் கேட்டார். அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.